சுவர் வரை நடந்தவர்

கம்ப்யூட்டரே இல்லாத தொடக்கப் பள்ளியில் கோடிங் விழா நடந்தது. தரையில் சாக்பீஸ் கட்டம். ஒரு பிள்ளை ரோபோவாக இருக்கும், மற்றவர்கள் கட்டளையிடுவார்கள். சொன்னது முடியும்வரை ரோபோ நிற்கக்கூடாது. தற்காலிக டீச்சர் தில்லைக்கரசி நடத்திக்கொண்டிருக்க, மூடிய கதவைத் திறக்காமலே ஒருவர் உள்ளே வந்தார். ஆபீஸ் அறையில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் அவள் தினமும் பார்க்கிற முகம். எப்போதோ செத்துப்போன ஸ்கூல் இன்ஸ்பெக்டர். அறை சில்லிட்டுப் போனது.

“இது ஒரு கோடிங்கா? இப்ப நான்தான் ரோபோ. ஒரே கட்டளை போடு. அது முடிஞ்சதும் திரும்பி வருவேன். வந்துட்டா, பிள்ளைங்க எல்லாம் இனி என் வகுப்புலதான்.”

அவர் மிதித்த இடத்தில் சாக்பீஸ் கோடு கலையவில்லை. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டாள்.

“கை சுவர்ல முட்டுற வரைக்கும் நேரா நடங்க, சார்.”

“இவ்வளவுதானா” என்று கையை நீட்டியபடி நடந்தார். கை சுவருக்குள் போனது. பின்னாலேயே அவரும் போனார்.

அடுத்த வருஷ விழாவில், எதிர்ச் சுவரிலிருந்து அதே கை நீண்டு வந்தது. சட்டையெல்லாம் கடற்பாசி.

“சுவர் எங்கேம்மா?” என்றார், நிற்க முடியாமல் நடந்துகொண்டே.

பிள்ளைகளை ஒதுக்கி வழிவிட்டாள் டீச்சர்.

“இன்னும் கொஞ்சம் முன்னால, சார்.”