இழுத்தாலும் வராத துப்பாக்கி

திண்டுக்கல்லுல பூட்டு செய்றவருக்குத் தலைக்கனம் இருக்கலாமா? சவரிமுத்துவுக்கு இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டுமே. அவர் செஞ்ச பூட்டத் தொறக்கறதுக்குச் சாவியே ரெண்டு தடவ யோசிக்கும்.

பூட்டு மட்டும் இல்ல. வருசா வருசம் திருவிழாவுல ஏர்கன் போட்டி நடக்கும். பத்து கெஜம் தள்ளி ஒரு அட்டை. அட்டையில ஒத்த ரூபா அகலத்துக்கு ஒரு வட்டம். அஞ்சு குண்டும் அதுக்குள்ள விழணும். ஒம்பது வருசமா அப்பிடி விழுந்தது சவரிமுத்து குண்டு மட்டும்தான்.

இந்தத் தை மாசம் பக்கவாதம் வந்து இடது கை படுத்துக்கிச்சு. வைத்தியம் பாத்ததுல கை பாதிதான் எந்திரிச்சுச்சு, காலும் லேசா இழுக்குது. துப்பாக்கியத் தூக்குனா முருங்கக் கெள மாதிரி ஆடுது.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மூக்காலயே பேசுற மனுசன்.

"அண்ங்ணே, கை முடியாதவங்க ஸ்டாண்டு வெச்சுச் சுடலாம்ணே. அதுவும் ஆவாதுன்னா மேடையில சேர் போட்டுருக்கோம். பொன்னாட வாங்கியாச்சு. பச்சக் கலருண்ங்ணே."

பொன்னாடையப் போத்தி உக்கார வெச்சுட்டாங்கன்னா அதோட ஆட்டம் முடிஞ்சுது, இது ஊருக்கே தெரியும். சவரிமுத்துவுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

மறுநாளே ஸ்டுடியோக்காரர்கிட்ட ஒரு பழைய வீடியோ ஸ்டாண்டு வாங்குனார். மூணு காலு. மேல கேமரா உக்கார்ற எடத்துல தன் கையால ஒரு கிளாம்ப் செஞ்சு மாட்டுனார். கீழ ஒரு தகடு, மேல ஒரு தகடு, நடுவுல துப்பாக்கி. நாலு போல்ட்ட முறுக்கு முறுக்குன்னு முறுக்குனார். பூட்டுக்காரங்க பழக்கம் ஒண்ணு உண்டு. பூட்டுனதும் ஒரு இழு இழுத்துப் பாப்பாங்க. இவரும் இழுத்தார். துப்பாக்கி அசையல. மீசைதான் அசஞ்சுது.

திருவிழா அன்னைக்குக் காலையில அதத் தூக்கிக்கிட்டு சுருளிகிட்டப் போனார்.

சுருளி பொருட்காட்சித் திடல்ல பலூன் சுடுற கடை வெச்சிருக்கற பொண்ணு. வயசு இருவத்தெட்டு. இடுப்புல கைப்புள்ள. ஒரு நாளைக்கு முந்நூறு பேரு சுடுறதப் பாக்குற கண்ணு. கை போனதுக்கப்புறம் சவரிமுத்து பாடம் கேக்கப் போனது அதுகிட்டத்தான். அறுவத்தொரு வயசு சிஷ்யன், "மாஸ்டர்"னுதான் கூப்புடுவார். சிரிக்கிறவன் சிரிச்சுக்கட்டும்.

கூடவே மச்சினன் லூர்தும் வந்தான். அவருக்குக் கை வராமப் போனதுலேர்ந்து அக்குள்ல கையக் குடுத்துப் புடிச்சவன்தான், இன்னும் விடல. "மச்சான் பாத்து, மச்சான் படி, மச்சான் கல்லு." அவன் புடிச்ச புடியிலயே அவர் ரெண்டு தடவ தடுக்குனார்.

"மாஸ்டர், இழுத்துப் பாருங்க."

சுருளி இழுத்துச்சு. துப்பாக்கி வரல. ஸ்டாண்டே கூட வந்துச்சு.

"அடேயப்பா! இத பீரோவுக்குப் போட்டா திருடன் அழுதுட்டே போயிருவான்."

"நம்ம வேலையாச்சே!"

"சுடுங்கய்யா."

லூர்து குண்டு போட்டுக் குடுத்தான். டப்பு. டப்பு. அஞ்சு குண்டு. அட்டையப் போய்ப் பாத்தா ஒண்ணு பழனிக்குப் போயிருக்கு, ஒண்ணு நத்தத்துக்கு, ஒண்ணு வத்தலக்குண்டுக்கு. மிச்சம் ரெண்டு அட்டையிலயே இல்ல. வட்டத்துக்குள்ள ஈ எறும்பு கூடக் கெடையாது.

சவரிமுத்து மொகம் சுருங்கிப் போச்சு.

"மாஸ்டர், நான் புடிச்சா ஆடுது. இரும்பு புடிச்சா செதறுது. அப்ப எப்பிடித்தான் இதக் கெட்டியா வெக்கிறது?"

சுருளி புள்ளைய எடுத்து லூர்து கையில குடுத்துச்சு. "புடிங்கண்ணே. தலையப் பாத்துப் புடிங்க."

லூர்துக்கு ரெண்டு கையும் நெறஞ்சுது. மச்சான விட்டான்.

சுருளி ஸ்டாண்டோட மூணு காலையும் அகட்டிச்சு. ஒரு கால அட்டையப் பாத்து வெச்சுச்சு. மண்ண மிதிச்சு மிதிச்சு இறுக்குச்சு. ஒரு மஞ்சப்பை நெறைய மணல அள்ளி நடுக்கம்பியில தொங்க விட்டுச்சு. ஆட்டிப் பாத்துச்சு. மலை மாதிரி நின்னுச்சு.

"இதான்! இதத்தான் நானும் சொன்னேன்!"ன்னார் சவரிமுத்து.

சுருளி ஸ்பேனர எடுத்து மேல் தகடக் கழட்டி அவர் கையில குடுத்துச்சு. அவருக்கு மீசையில ஒரு பக்கத்தச் செரச்ச மாதிரி இருந்துச்சு.

"மாஸ்டர்! பூட்டு?"

"எடுத்தாச்சு."

சுருளி தான் உக்கார்ற உமித் தலகாணிய உருவிக் கீழ்த் தகடு மேல போட்டுச்சு. துப்பாக்கி எந்த எடத்துல வெச்சா முன்னயும் சாயாம பின்னயும் சாயாம நிக்கிதோ, அந்த எடம் தலகாணியில படுற மாதிரி படுக்க வெச்சுச்சு.

"விழுந்துருமே!"

"நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"குதிக்குமே!"

"குதிக்கத்தான் செய்யும். உள்ள ஸ்பிரிங்கு அடிச்ச ஒடனே, குண்டு வெளிய போறதுக்கு முன்னாடியே ஒரு சிலுப்பு சிலுப்பும். விட்டுட்டா எப்பவும் ஒரே சிலுப்பு. அமுக்குனா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் திமிரும்."

"என் கை?"

"இடது கைய மடியில போடுங்க. வலது தோள லேசாக் குடுங்க. ம்."

டப்பு. துப்பாக்கி தலகாணி மேல ஒரு சிலுப்பு சிலுப்பிட்டுப் படுத்துக்கிச்சு. டப்பு. ரெண்டாவது குண்டு மொத குண்டு போன ஓட்டைக்குள்ளயே போச்சு.

"போதும். மிச்சத்த சாயங்காலத்துக்கு வைங்க."

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம். ஒரே கூட்டம். தலகாணியப் பாத்ததும் ஒருத்தன் கத்துனான்.

"என்ன பெருசு, துப்பாக்கிக்குத் தூக்கமா?"

"ஆமாப்பா. சத்தம் போட்டு எழுப்பிராத."

செயலாளர் பதறி ஓடியாந்தார். "அண்ங்ணே, கட்டலையா? கயிறு வேணும்ணா..."

"பூட்டுக்காரன் நானே கட்டல. ஒனக்கென்ன?"

லூர்து புடிக்க வந்தான். சுருளி மறுபடியும் புள்ளையத் தூக்கி அவன் கையில திணிச்சுட்டு, அதுவே குண்டு போட்டுக் குடுத்துச்சு.

டப்பு.

கூட்டம் சிரிச்சுது.

டப்பு. டப்பு.

சிரிப்பு நின்னுச்சு. நாலாவதுக்கு மூச்சும் நின்னுச்சு. அஞ்சாவது குண்டுக்கு முன்னால சவரிமுத்து தலையத் தூக்கி மேடையப் பாத்தார், காலியாக் கெடந்த அந்தச் சேரப் பாத்தார். ஒரு மொறப்பு. அப்புறம் குனிஞ்சார்.

டப்பு.

செயலாளர் அட்டைகிட்டப் போனார். பாத்தார். கண்ணாடியத் தொடச்சுட்டு இன்னொரு தடவ பாத்தார். மூக்குலேர்ந்து பேச்சே வரல. கை மட்டும் அஞ்சு வெரலக் காட்டுச்சு.

மைதானம் அதிருச்சு. விசில்னா விசில், காது கிழியிற விசில்.

சவரிமுத்து எந்திரிச்சார். இடது கால லேசா இழுத்துக்கிட்டே அந்தப் பத்து கெஜமும் தானே நடந்தார். ஒரு எடத்துலயும் தடுக்கல. அட்டையப் பிச்சார். அஞ்சு ஓட்டையும் சேந்து அவர் கட்டவெரல் அகலம்தான். அதத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, புது மாப்ள ஊர்வலம் வர்ற மாதிரி நெஞ்ச நிமித்தித் திரும்பி வந்தார்.

ஸ்டாண்டு முதுகுல ஒரு தட்டு தட்டுனார்.

"பாத்தீங்களா மாஸ்டர்! எப்பிடிப் புடிச்சுது பாத்தீங்களா!"

சுருளி லூர்து கையிலேர்ந்து புள்ளைய வாங்கி இடுப்புல வெச்சுக்கிச்சு.

"அது எங்க புடிச்சுச்சுங்கய்யா? கூட நின்னுச்சு."