தவமணி முதலாளியின் ஏழு ஓட்டு

பூசணிக்குறிச்சியில் கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் தவமணி முதலாளி இல்லாமல் நடக்காது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பார் வாளி எல்லாம் அவருடைய வாடகைக் கடையிலிருந்துதான் போகும். அப்படிப்பட்ட மனுசன் போன தேர்தலில் சட்டசபைக்கு நின்றார். ஏன் நின்றார் என்றால், சாம்பாரில் உப்பு இல்லை, அதனால் நின்றார்.

ஒரு காதுகுத்து விருந்தில் "சாம்பார்ல உப்பு இல்லையே" என்று சொன்னார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து இலையில் அவர் மனைவி செல்லத்தாயின் அண்ணன் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, உங்க பேச்சை ஊர்ல எவன் மதிக்கிறான்? எலக்சன்ல நின்னா நாலு ஓட்டுக்கு மேல விழாது."

"விழுந்துட்டா?"

"நான் பத்து சேரைத் தலையில தூக்கிக்கிட்டு கடைவீதி வழியா உங்க வீட்டுக்கு வாரேன். விழலைன்னா நீங்க என் வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

தவமணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கடையில் ஆட்கள் ஆறு பேர். அவர் ஒன்று, செல்லத்தாய் ஒன்று. ஊரில் வேறு ஒரு ஈ காக்கை போடாவிட்டாலும் எட்டு. மறுநாளே மனுத்தாக்கல் செய்தார். வாளிச் சின்னம் கிடைத்தது.

அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு ஒரே சட்டம்: வெளியே போன சாமான் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வரணும், வராவிட்டால் அதே மாதிரி வேறு ஒன்று வரணும், எதுவானாலும் துடைத்துத்தான் அடுக்கணும். இருபத்திரண்டு வருசமாக முதலாளி இதைத் தவிர வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களும் வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஐந்நூறு நோட்டீஸ் அச்சாகி வந்தது. "வீடு வீடாக் குடுத்துட்டு வாங்கடா" என்றார். காலையில் கொடுத்தார்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கினார்கள். ஒரு வீட்டு நோட்டீஸில் மீன்குழம்பு சிந்தியிருந்தது. ஆறு பேரில் ஒருவனான சடையாண்டி அந்த வீட்டு அம்மாளிடம் அரைமணி நேரம் சண்டை போட்டு, ஈரத்துணி வாங்கித் துடைத்தான். குழம்பு போவதற்கு முன்னால் அதில் அச்சாகியிருந்த முதலாளியின் முகம் போய்விட்டது.

"ஐந்நூறு போச்சு, ஐந்நூறு வந்துருச்சு மொதலாளி" என்று மூத்த ஆள் குருவையா நோட்டீஸ் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "ஒருத்தர் மட்டும் தொலைச்சிட்டாரு. பதிலுக்கு ஒரு காலண்டர் தாள் வாங்கியாந்தோம்."

தவமணி பல்லைக் கடித்துக்கொண்டார். எட்டு ஓட்டு எங்கே போகப் போகிறது?

அடுத்து பொதுக்கூட்டம். எத்தனையோ பேருக்கு மேடை போட்ட மனுசன், அன்றைக்குத்தான் முதன்முதலாக மேடையில் ஏறினார். இருநூறு நாற்காலியும் நிரம்பியிருந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக்கைப் பிடித்து "வாக்காளப் பெருமக்களே" என்றார். மணி ஆறு அடித்தது.

கீழே குருவையாவும் சடையாண்டியும் ஆலோசித்தார்கள்.

"அண்ணே, சேர்ல எல்லாம் ஆள் இருக்கே."

"சேர் ஆறு மணிக்கு வரணும்னுதான் சட்டம். ஆளைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லையே."

"அதுவும் சரிதான். முன்வரிசையில இருந்து உருவுவமா?"

முன்வரிசையில் ரிட்டயர்டு தலைமையாசிரியர் இருந்தார். முதலில் விழுந்தவர் அவர்தான். பத்து நிமிசத்தில் மைதானத்தில் முதலாளியும் மைக்கும் மட்டும் மிச்சம். மைக்கையும் சடையாண்டி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். "நாளைக்கு நேராப் போயி வாளிக்கு நேரா இருக்கிற பொத்தானை அமுக்குங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்." அவர்கள் ரொம்பப் பொறுப்பாகத் தலையாட்டினார்கள்.

எண்ணிக்கை நாளன்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வாளி, ஒன்று.

தவமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒன்று தன்னுடையது. மிச்சம் ஏழு எங்கே? வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணன் தலையில சேரைத் தூக்கினா கழுத்து பிடிச்சுக்குமே" என்றாள் செல்லத்தாய். "அதான் மேல இருந்த வேற சின்னத்துல குத்திட்டேன்."

கடைக்கு ஓடினார். ஆறு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் ஆறு ஓட்டு எங்கடா?"

"பத்திரமா இருக்கு மொதலாளி" என்றான் குருவையா. "பூத்துல மொத மேசையிலேயே கேட்டேன், ஓட்டைப் போட்டா எத்தனை மணிக்குத் திருப்பித் தருவீங்கன்னு. தர மாட்டோம்னுட்டாங்க. அதே மாதிரி வேற ஒண்ணாவது தருவீங்களான்னேன். அஞ்சு வருசம் ஆகும்னாங்க. அஞ்சு வருசத்துக்கு நம்ம சரக்கை எவன் குடுப்பான்? ஒண்ணுகூட வெளிய விடாம ஆறையும் திருப்பிக் கூட்டியாந்துட்டேன்."

தவமணி சாம்பார்க் கரண்டியை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. ஆறு கடையில் இருக்கிறது. ஒன்று வெளியே போயிருக்கிறது. கரண்டியைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டிவிட்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

கோட்டைச்சாமி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "சேர் எங்க மாப்ள?"

"மச்சான், வாடகைக்குப் போன சேர் யாருது?"

"உங்களுது."

"போகாமக் கடையில இருக்கிற சேர்?"

"அதுவும் உங்களுதுதான்."

"போன ஓட்டு ஒண்ணு. போகாத ஓட்டு ஆறு."

கோட்டைச்சாமி விரல் விட்டு எண்ணினார். உள்ளே போய் மனைவியைக் கேட்டார். திரும்பி வந்து மறுபடி எண்ணினார். முகம் தொங்கிப்போயிற்று.

"ஏழுதான் வருது" என்று தலையில் துண்டைச் சுற்றினார்.

வாடகைக் கடையில் எடுத்த பத்து நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் கடைவீதியில் வந்ததை ஊரே பார்த்தது. பின்னாலேயே செல்லத்தாய் தைலப் புட்டியோடு வந்தாள். தவமணி வாசலில் அதில் ஒரு நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சட்டசபையிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது.

மணி ஆறு அடித்தது. பின்னாலிருந்து குருவையா நாற்காலியை உருவினான்.

தவமணி மல்லாக்க விழுந்தார். வலியில் கண்ணை மூடி, மெல்லத் திறந்தார்.

"துடைச்சு அடுக்குடா" என்றார்.