வாழ்த்தக் கற்ற கீரி

ஒரு காட்டில் ‘ஒருவேளை’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வாயில் வேப்பிலையைத் திணித்துவிடுவார்கள். சும்மா இருக்கும்போது சொன்னால் பரவாயில்லை. புதிதாக ஒரு வேலை தொடங்கும் இடத்தில் சொன்னால்தான் குற்றம். பொழுது சாயும்வரை அந்தக் கொத்தைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல காரியத்துக்கு முன்னால் அபசகுனமாகப் பேசலாமா? அதுதான் அவர்களுடைய நியாயம்.

அந்தக் காட்டிலேயே அதிகமாக வேப்பிலை கவ்வியது யார் தெரியுமா, குழந்தைகளே? செவ்வி என்கிற கீரிதான். பாவம், அவளுக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. எறும்புப் புற்றைப் பார்த்தால்கூட, “இதுக்குப் பின்வாசல் எங்கே?” என்று சுற்றிச் சுற்றி வருவாள்.

ஒரு கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் காடே தவித்துப்போனது. “அடுத்த மழைக்குள்ளே ஓடைக்குக் குறுக்கே கரை கட்டிக் குளமாக்கிடுவோம்!” என்றார் மாதங்கன் என்ற யானை. வேலைக்கு அவரே தலைவர். மண் தோண்டக் காட்டுப்பன்றி, கல் உருட்டக் கரடி. எல்லோருக்கும் ஒரே உற்சாகம்.

செவ்வி மட்டும் ஓடையின் கீழ்ப்பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கரை எழும்பப்போகும் இடத்துக்குக் கீழேதான் அவளுடைய வளை. உள்ளே இன்னும் கண் திறக்காத குட்டிகள். கரை உடைந்தால் முதலில் போவது அவர்கள்தான்.

“அண்ணே, ஒருவேளை கரை முடியறதுக்குள்ளே பெருமழை வந்துட்டா?”

வேலை அப்படியே நின்றது.

“ஐயையோ! உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது. பன்றி ஓடிப்போய் வேப்பங்கொத்தை ஒடித்து வந்தது.

கொத்தைக் கவ்விக்கொண்டு நின்ற செவ்வி யோசித்தாள். கேட்டால் கசப்பு. கேட்காவிட்டால் குட்டிகள் கதி என்ன? வேறு எப்படித்தான் கேட்பது? இந்த மாதங்கன் அண்ணனுக்கு என்னதான் பிடிக்கும்? வாழ்த்து பிடிக்கும். யார் வாழ்த்தினாலும் நின்று கேட்பார்.

மறுநாள் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். “அண்ணே, உங்க குளத்தை வாழ்த்த வந்திருக்கேன்!”

“அப்படி வா வழிக்கு! வாழ்த்து, வாழ்த்து,” என்று மாதங்கன் காதுகளை விசிறினார்.

“உங்க கைராசிக்கு மழை முந்திக்கிட்டு வந்து கொட்டணும். குளம் நிரம்பி வழியணும்!”

“பேஷ், பேஷ்!”

“அப்படி வழியிற தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே.”

காது விசிறுவது நின்றது. “அதானே! எந்தப் பக்கம் போகும்?” யானை கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். “வடக்கே ஒரே பாறை. அங்கே கரையைத் தாழ்த்திக் கல் பாவி ஒரு கலிங்கு வெச்சா, வழியிற தண்ணி யாரையும் தொடாமப் போயிடும். இன்னைக்கே வெச்சுடுவோம். மழைதான் முந்தி வரப்போகுதே!”

செவ்வி கரடியிடம் திரும்பினாள். “கரடி அண்ணனுக்கு மலைத்தேன் அடை அடையாக் கிடைக்கணும்!”

“ஆகா, உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்!”

“நீங்க தேனைத் தேடிப் போயிட்டா கல்லை யாருண்ணே உருட்டுவாங்க? பன்றி அண்ணனுக்கு அந்த வேலையைக் கத்துக் கொடுத்துடுங்களேன்.”

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு பன்றியைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தது.

வாய் முகூர்த்தமோ என்னவோ, இரண்டும் பலித்துவிட்டன. மலையில் தேனடைகள் நிறைந்தன, கரடி ஆளையே காணோம். பன்றி கல்லை உருட்டியது. கரை பாதி உயரம்கூட எழும்பவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அப்பப்பா, என்ன மழை! செவ்வி குட்டிகளை அணைத்துக்கொண்டு வளைக்குள் சுருண்டு கிடந்தாள். ஓடை சீறி வந்தது. குளத்தை நிரப்பியது. கரையை முட்டி முட்டிப் பார்த்தது. கடைசியில் வடக்கே கலிங்கைக் கண்டு, அது வழியாகப் பாறைமேல் இறங்கிப் போய்விட்டது. வளைப் பக்கம் வெள்ளம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் மழை விட்டதும் எல்லோரும் குளத்தைப் பார்க்க ஓடினார்கள். மாதங்கன் மட்டும் கலிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏ செவ்வி, முந்தி வரணும்னு நீ வாழ்த்தின மழையும், அன்னைக்கு ‘ஒருவேளை’ன்னு கேட்ட மழையும் ஒண்ணுதானே?”

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஆமாண்ணே.”

யானை நேராக வேப்பமரத்திடம் போய்ப் பெரிய கொத்தாக ஒடித்தார். செவ்வி பெருமூச்சு விட்டு வாயைத் திறந்து காத்திருந்தாள்.

மாதங்கன் அந்தக் கொத்தைத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டார். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார்.

நீதி: என்ன கெடக்கூடும் என்று முதலிலேயே கேட்பவரின் வாயை அடைக்காதீர்கள், வேலை கெடாமல் முடிய அந்தக் கேள்விதான் வழிகாட்டும்.