மைக் போடாத தெரு

செம்மணல்துறை நகராட்சியைப் பற்றி என்ன குறை சொன்னாலும், ஊருக்குத் தெரியாமல் காரியம் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. நகர்மன்றத்தில் எதைப் பேசப்போவதானாலும் ஆட்டோவில் மைக் கட்டி, தெருத்தெருவாகச் சொல்லிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, வராது என்கிற அறிவிப்பு தவறாமல் வந்துவிடும். அறிவிப்பவர் காசிலிங்கம். கடற்காற்றையும் மீறிக் கேட்கிற குரல் அவருக்கு.

போன ஐப்பசியில் அவரிடம் ஓர் அறிவிப்பைக் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உலாவுவதற்காகக் கடற்கரையில் நடைபாதை வரப்போகிறது. கருவாடு காயப்போடும் களங்களின் வழியாக அது போகும். களம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வியாழக்கிழமை நகர்மன்றத்துக்கு நேரில் வந்து ஆட்சேபணை சொல்லலாம். வராதவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசித் தெருவின் முனைக்கு வந்ததும் காசிலிங்கம் மைக்கை அணைத்துவிட்டார். அந்தத் தெருவின் யாக்கோபு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் கரை ஒதுங்கியிருந்தது. காணாமல் போனவனின் உடல் கிடைக்கும்வரை அவனுடைய தெருவில் மைக் போடக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். கல்யாண வீடானாலும் பாட்டுக் கிடையாது. அவன் கடலிலிருந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமாம். கூப்பிடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வழக்கத்தை மீறத் துணிந்தவர் யாருமில்லை.

காசிலிங்கம் நேரே வார்டு கவுன்சிலர் பாக்கியசீலியிடம் போனார்.

"எக்கா, கடைசித் தெருவுல மட்டும் மைக் போடல. மத்த களத்துக்காரங்க எல்லாம் வேற தெரு, அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. பனிமயத்துக்குத்தான் தெரியாது. நீங்க எப்படியும் போவீங்க, ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பனிமயம் யாக்கோபின் மனைவி. வீட்டுக்கு வரமாட்டேன் என்று, தன் களத்திலேயே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சோறு போட்டதும் அந்த இடம்தான். இப்போது அவனுக்காகக் காத்திருப்பதும் அங்கேதான்.

பாக்கியசீலி போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். பனிமயம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, அந்தா வெள்ளையாத் தெரியுதுல்லா, அது ஆளா?"

"அலை தாயி."

இதற்குப் பிறகு நடைபாதையைப் பற்றி எந்த வாயால் பேசுவது? பாக்கியசீலி அழுதுவிட்டு எழுந்து வந்தாள். வழியில், தங்கை பனிமயத்துக்குக் கஞ்சி கொண்டுவந்த மிக்கேலைப் பார்த்தாள்.

"அண்ணே, எனக்கு வாய் வரல. அவளே நேர்ல வந்து சொன்னாத்தான் செல்லும். நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மிக்கேல்.

அவர் தங்கையிடம் சொல்லவில்லை. கடலைவிட்டுக் கண்ணை எடுக்காதவளை நகர்மன்றத்துக்கு வா என்று எப்படி எழுப்புவது? தானே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார். அவளுக்கு ஒரு பாரமாவது குறையட்டும் என்ற நினைப்பு.

வியாழக்கிழமை மன்றம் கூடியது. முதல் வேலையாக யாக்கோபுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. பிறகு களத்துக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சண்டை பிடித்தார்கள். பேசியவர்களின் களங்களை விட்டுவிட்டு, வரைபடத்தில் பாதை வளைந்து வளைந்து நகர்ந்தது. பனிமயத்தின் பெயர் வந்ததும் மிக்கேல் எழுந்தார்.

"ஐயா, நான் அவ கூடப்பிறந்தவன். கொஞ்சம் தவணை குடுங்க."

"பேர் உள்ளவங்கதான் வரணும்னு ஊர் முழுக்கச் சொன்னோமேய்யா. ஒருத்தருக்குத் தவணை குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்" என்றார் ஆணையர்.

தீர்மானம் நிறைவேறியது. மற்ற களங்களிலிருந்து விரட்டப்பட்ட பாதை, விரட்ட ஆளில்லாத களத்தில் முழுதாகப் போய் விழுந்தது.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து அவளைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள்.

"என்னய்யா இது?" என்றாள் பனிமயம்.

"நடைபாதைம்மா. உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னுல்லா சொன்னாங்க."

யாக்கோபு போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் கடலிலிருந்து பார்வையைத் திருப்பினாள். பின்னால் கஞ்சித் தூக்கோடு மிக்கேல் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போது அழுததுபோல் அவள் யாக்கோபுக்காகக்கூட அழுததில்லை என்று சொல்கிறார்கள். அவனாவது திரும்பி வரலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

காசிலிங்கம், பாக்கியசீலி, மிக்கேல் மூவருமே அவள்மேல் உள்ள இரக்கத்தால்தான் வாய்மூடி இருந்தார்கள். ஒருவர் மனதிலும் கள்ளம் கிடையாது. அப்படியானால், வாசகரே, இவர்களில் யாருடைய மௌனம் அவள் களத்தைப் பறித்தது?

விடை: எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, அவள் ஏன் வரவில்லை என்று தெரியாததுபோல் உட்கார்ந்தவர்களைத் திட்டத்தான் எனக்கு முதலில் நாக்குத் துடிக்கிறது. ஆனால் கேள்வி இந்த மூவரைப் பற்றியது. காசிலிங்கமும் பாக்கியசீலியும் தங்களால் சொல்ல முடியாததை இன்னொருவரிடம் ஒப்படைத்தார்கள். சேதி நின்றுபோனது மிக்கேலிடம், அவள்மேல் எல்லோரையும்விட அதிகப் பாசம் வைத்தவரிடம். அவரும் அதை மறுக்கவில்லை. ஒருநாள் தங்கையிடமே கேட்டார், "நான் சொல்லியிருந்தா நீ எழும்பி வந்திருப்பியா தாயி?" "வந்திருக்க மாட்டேன்ணே" என்றாள் பனிமயம். "ஆனா வரமாட்டேன்னு நான்லா சொல்லியிருக்கணும்."