நாயனத்துக்கு ஓடிய சிவப்பு வண்டி

"தப்புப் பண்றதுல ஆயிரம் தினுசு இருக்குதுங்க. அத்தனையும் ஒரே வண்டில பண்ணுன ஆளு இந்தக் கோயமுத்தூர்ல நான் ஒருத்தன்தான்" என்று ஆரம்பித்தார் நல்லசிவம்.

பொங்கியண்ணன் பேக்கரியில் தேங்காய் பன் வெந்து வெளியே வரும் நேரம் பார்த்து அவரும் வந்துவிடுவார். பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். பிறர் சாதித்ததைச் சொல்லிப் பெருமையடிப்பார்கள், இவர் சொதப்பியதைச் சொல்லிப் பெருமையடிப்பார். சொதப்புவதற்கென்றே ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வைத்திருக்கிறார். கூரையைத் திறக்கலாம், இரண்டே பேர் உட்காரலாம். அதை எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை.

போன மாதம் அவருடைய அக்கா மகன் கோகுலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தாய்மாமன் கார்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கோகுலின் சித்தப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குதிரை பூட்டிய சாரட்டு ஒன்றைப் பேசிவிட்டார். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதனால் என்னிடம் புளுகுவதற்கு அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது.

"அழைப்புக்கு மொத நாளுன்னு பாத்து மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியுதுங்க. எஞ்சினுக்குள்ள எத்தன காத்துப் போகுதுன்னு அளந்து சொல்ற சென்சார் ஒண்ணு இருக்குது. அது போயிருச்சு. காத்துக் கணக்குத் தெரியலீன்னா எஞ்சின் பயந்துக்கும். எப்படி அமுக்குனாலும் மனுசன் நடக்கற வேகத்துக்கு மேல போகமாட்டீங்குது. மாப்பிள்ள சித்தப்பன் சாரட்டுல ஏறிட்டா நான் பந்தில மொகங்காட்ட முடியுங்களா?"

"மெக்கானிக்கிட்ட விடறதுதானுங்க?" என்றேன்.

"மெக்கானிக்கு பண்ணுனா அது ரிப்பேரு. நான் பண்ணுனாத்தானுங்க சரித்திரம்."

பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டார்.

"ரெண்டே ஸ்க்ரூதானுங்க. வீடியோல ஒருத்தன் டீ ஆறறதுக்குள்ள மாத்திப்போட்டான். நம்ம வண்டில எஞ்சின் சீட்டுக்குப் பின்னால பொதைஞ்சு கெடக்குது. கை போகாதுன்னு பாத்தாலே தெரியும். தெரிஞ்சுதான் உட்டேன். போயிருச்சு. ஆனா வெளிய வரமாட்டீங்குது. காலைல டிபன நம்மூட்டுக்காரி மரகதம்தான் வந்து ஊட்டி உட்டா. பொறவு எறும்பு வந்து முழங்கை மேல ரோடு போட்டுச்சு. போட்டதோட இல்லீங்க, போக்குவரத்தும் ஆரம்பிச்சிருச்சு."

"அப்புறம் கை எப்படி வந்துச்சு?"

"ஒரு டின் தேங்காயெண்ணெய் ஊத்துனோம். கை வந்துருச்சு, கல்யாண மோதிரம் உள்ளயே நின்னுக்கிச்சு. இன்னைக்கும் அது எஞ்சினுக்குள்ளதான் சுத்துது. மேடு ஏறும்போது பாருங்க, வண்டி அப்படியே மரகதம் கொரல்ல திட்டும்."

பொங்கியண்ணன் கல்லாவிலிருந்தே சிரித்தார். அது போதும் நல்லசிவத்துக்கு.

"ஒரு ஸ்க்ரூ வேற கீழ உழுந்துருச்சுங்க. கடைல இருந்த பெரிய காந்தத்தக் கொண்டாந்து கயித்துல கட்டி எறக்குனேன். ஸ்க்ரூவத் தவுத்து ஊரே வந்துச்சு. பக்கத்து வீட்டுக் கேட்டுத் தாழ்ப்பா வந்துச்சு. எதுத்த வீட்டு டெய்லர் ஊசி டப்பாவப் புடிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்துட்டான். நம்மூட்டு அடுப்புல இருந்து தோசக்கல்லு பறந்து வந்து ஒட்டுச்சு, பாதி வெந்த தோசையோட. திருப்பிப் போட ஆளில்லாம ஒரு பக்கம் தீஞ்சு போச்சு. அதத்தான் மத்தியானம் தின்னேன்."

"ஸ்க்ரூ ஏன் வரல?"

"அது பித்தளைங்க."

"பம்ப்செட் விக்கறீங்க, பித்தள காந்தத்துல ஒட்டாதுன்னு தெரியாதுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"தெரியும். சாயந்திரம்தான் ஞாபகம் வந்துச்சு."

இந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். ஆனால் நல்லசிவம் மேஜைமேல் முன்னால் சாய்ந்துவிட்டார். அவர் சாய்ந்துவிட்டால் அசல் புளுகு இனிமேல்தான் வரப்போகிறது என்று அர்த்தம்.

"புதுச் சென்சார மாட்டிப்போட்டேன். அது மேல ஒரு அம்புக்குறி இருக்குதுங்க, காத்துப் போற தெசையக் காட்டறதுக்கு. நான் அத டிசைன்னு நெனச்சுத் திருப்பி மாட்டிட்டேன். உள்ள போற காத்த அளக்க வேண்டியது, ஊருக் காத்தையெல்லாம் அளக்க ஆரம்பிச்சிருச்சு! நான் கொட்டாவி உட்டேன், எஞ்சின் உறுமுது. எதுத்த வீட்டு டெய்லர் தும்முனான், வண்டி ஒரு முழம் குதிக்குது. மரகதம் என்னப் பாத்து ஒரு பெருமூச்சு உட்டா பாருங்க, கேட்டத் தாண்டி ரோட்டுல போயி நின்னுச்சு. அது கல்யாணமான நாள்ல இருந்து சேத்து வச்ச மூச்சு."

"அந்த வண்டிலயா மாப்பிள்ளைய ஏத்துனீங்க?"

"ஏத்தாம? தாய்மாமனுங்க நான்! பிள்ளையார் கோயில் முன்னால கோட்டு சூட்டோட, மாலையோட கோகுல் உக்காந்தான். முன்னால நாயனம், தவுலு. நாயனக்காரர் சீவாளிய வாயில வச்சு ஒரு ஊது ஊதுனாரு. அவ்வளவுதான்! வண்டி பாஞ்சிருச்சு. அவரு பயந்து ஓடறாரு. ஓடறப்பவும் வாசிப்ப நிறுத்தல, தொழில் பக்தி. ஊத ஊத வண்டி தொரத்துது, தொரத்தத் தொரத்த அவரு ஊதறாரு."

"நிறுத்துங்கன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல?"

"போட்டேனுங்க. நான் வாயத் தொறந்தா அந்தக் காத்துலயும் வண்டி ஓடுது!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடவில்லை.

"மண்டபம் வந்துச்சு, போச்சு. ஆரத்தித் தட்டோட நின்ன பொம்பளைங்க மொகம் கூடத் தெரியல. சூலூர், பல்லடம் எல்லாம் தாண்டியாச்சு. காங்கயத்துல நாயனக்காரருக்கு மூச்சுத் தீந்துச்சு, வண்டியும் நின்னுச்சு. அங்க ஒரு மண்டபத்துல வேற மாப்பிள்ளைக்குக் காத்துக்கிட்டு இருந்தவங்க எங்களுக்கு ஆரத்தி எடுத்து, மால போட்டு, கோகுலக் கையப் புடிச்சு எறக்கறாங்க. அவனும் எறங்கப் பாக்கறான்! நான்தான் கோட்டப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன்."

"திரும்பி எப்படி வந்தீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாயனக்காரர் மூச்ச உள்ள இழுத்தாருங்க. வண்டி ரிவர்ஸ்ல கெளம்பிருச்சு. அவரும் பின்னாலயே ஓடி வந்தாரு. காங்கயத்துல இருந்து நம்ம மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால வரைக்கும் ஒரே மூச்சு!"

பொங்கியண்ணன் பன் தட்டைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "அண்ணா, அந்தக் கல்யாணத்துக்கு லட்டு எங்க கடைலதான். நான் மண்டபத்து வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். உங்க வண்டி உசுரில்லாம வந்துச்சு. முன்னால குதிர இழுத்துக்கிட்டு வந்துச்சு."

"சித்தப்பாவோட சாரட்டுக் குதிரையா?" என்றேன்.

"அதேதான். சாரட்ட அவுத்து உட்டுட்டு, வண்டில கயிறு கட்டி இழுக்க வச்சாங்க."

நல்லசிவம் முகத்தில் கொஞ்சமும் அசைவில்லை.

"யாருங்க இல்லீன்னா? கடைசிக் கொஞ்ச தூரம் குதிரதான். ஆனா மாப்பிள்ள உக்காந்திருந்தது யாரு வண்டில? சித்தப்பன் சாரட்டு வெறுஞ்சாரட்டா கோயில் முன்னாலயே நின்னுச்சு. மாமா வண்டில இருந்து எறங்க மாட்டேன், வேணும்னா குதிரைய இங்க கட்டுங்கன்னு கோகுல்தான் சொன்னான்." மேஜைமேல் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எறங்குனதும் மொதல்ல எங்கால்லதானுங்க உழுந்தான்."

அந்த ஒரு வரி புளுகில்லை என்று எனக்குத் தோன்றியது. மனசு இளகியும்விட்டது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. பழைய சென்சார் இருக்கறப்ப வண்டி என்ன வேகம் போச்சுன்னீங்க?"

"மனுசன் நடக்கற வேகம். அதுக்கு மேல ஒரு இம்மி போகாது."

"மாப்பிள்ளை அழைப்பு என்ன வேகத்துல போகும்?"

பொங்கியண்ணன் துடைப்பதை நிறுத்தினார். நல்லசிவம் கையிலிருந்த கடைசித் துண்டு பன்னை டீயில் நனைத்தார். அது ஊறி, கழன்று, டம்ளருக்குள் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு கட்டறப்ப அந்தக் குதிரைக்காரனும் இதையேதானுங்க கேட்டான்" என்றார்.