பிரிசில்லாவின் எக்ஸ்ரே

ஹார்மோன் மருத்துவர் சுலைகாவிடம் படிக்க வந்தவர்களில் சவரிமுத்துதான் மூத்தவர். தூத்துக்குடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்து மூன்று வருடம் டாக்டராக இருந்தவர். சுலைகா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் சவரிமுத்து அவர் முன்னால் உட்காரமாட்டார்.

அன்று நோயாளிகள் போன பிறகு கேட்டார்.

"மேடம், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை வரவைக்கிற பெப்டைட் ஊசி இருக்குல்ல. எட்டு மாசம் போட்டும் ஒரு பிள்ளை வளரலை. ஏன்?"

"ஹார்மோன் வருதா?"

ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். சுலைகா பார்த்தார்.

"நல்லா வருது. தேவைக்கு மேலேயே வருது. ஊசி அது வேலையைச் செஞ்சிருக்கு."

"அப்போ ஏன் வளரலை? அளவைக் கூட்டணுமா?"

"எலும்பு எக்ஸ்ரே எங்க?"

"எடுக்கலை."

"முதல் நாளே எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். பயமா இருந்துச்சு."

சுலைகா தாளில் இருந்த பெயரை அப்போதுதான் படித்தார். பிரிசில்லா சவரிமுத்து. வயது பதினேழு.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தான். மருந்து ஏஜென்ட்கிட்ட வாங்கி, நானே போட்டேன். போலீஸ் ஆகணும்னு சின்ன வயசிலருந்து சொல்லிட்டிருக்கா. உயரம் நாலு சென்டிமீட்டர் பத்தலை. வெளியிலருந்து ஹார்மோன் ஏத்தலையே, உடம்பு தன்னால சுரக்கிறதைத்தானே தூண்டுறோம், கெடுதல் வராதுன்னு நினைச்சேன்."

"எங்க இருக்கா?"

"வெளிய உட்கார்ந்திருக்கா."

சுலைகா அவளை உள்ளே கூப்பிட்டார். பிரிசில்லா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டாக்டர், பழைய செருப்பெல்லாம் கால்ல நுழைய மாட்டேங்குது. அம்மா போட்ட மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தாங்க. கால் கை எல்லாம் வளர ஆரம்பிச்சிட்டா அப்புறம் உயரம்தானே?"

சுலைகா அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். தடித்திருந்தன. கை எக்ஸ்ரே எடுத்துவர அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் படம் வந்தது. பிரிசில்லா வெளியே பெஞ்சில் இருந்தாள். சுலைகா படத்தைப் பார்க்காமலேயே சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"நீங்க பாருங்க. எலும்பு முனையில வளர்றதுக்கான கறுப்புக் கோடு இருக்கான்னு தேடுங்க."

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தேடினார். மணிக்கட்டில் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"மேடம், இது... இது கோடுதானே?"

சுலைகா எழுந்து வந்து பார்த்தார்.

"ஃபிலிம்ல விழுந்த கீறல்."

சவரிமுத்து படத்தைக் கீழே இறக்கவில்லை.

"ஒரு இடத்திலயும் இல்லையா?"

"கோடெல்லாம் மூடி எலும்பாயிடுச்சு. எத்தனை ஹார்மோன் வந்தாலும் இனி நீளாது. தடிக்கத்தான் செய்யும். இன்னைக்கே ஊசியை நிறுத்துங்க."

"விரல் பழையபடி ஆகுமா?"

"வீக்கம் வடியும். எலும்பே தடிச்சிருந்தா அது அப்படியேதான் இருக்கும்."

சவரிமுத்து முதல்முறையாக அவர் முன்னால் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பிரிசில்லா யாரிடமோ போனில் பேசிச் சிரிப்பது கேட்டது.

"மேடம், நீங்க சொல்லிடுறீங்களா அவகிட்ட?"

"நீங்கதான் சொல்லணும்."

"என்னன்னு சொல்ல?"

"அவ வளர்ந்து முடிச்சிட்டான்னு சொல்லுங்க. நீங்க முதல் ஊசி போடறதுக்கு முன்னாடியே."