தொலைந்த பிள்ளைக்கு அடையாளம்

"அம்மா, என் வருணனையில் என்னதான் குறை?"

கேட்டவர் புலவர் ஐயாறர். தலை பாதி நரைத்தவர். அவருடைய குரு தில்லையழகிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதைச் சொல்லி ஊரே கேலி செய்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. பல புலவர்களுக்கு அதுகூடத் தெரிவதில்லை.

"நிலா வந்தது," என்றாள் தில்லையழகி. "மான் வந்தது. மயில் வந்தது. தாமரை குளத்தோடு வந்துவிட்டது. யாரைப் பற்றிய பாட்டு?"

"இளவரசியைப் பற்றி அம்மா. திருவிழா முடிந்ததும் அரண்மனையில் பாட வேண்டும்."

"அவளை மட்டும் காணோமே."

ஐயாறருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரவெல்லாம் கண்விழித்துச் செய்த பாட்டு அது.

"அப்படியானால் உவமையே கூடாதா அம்மா?"

அவள் வாயைத் திறக்குமுன் வெளியே சங்கு முழங்கியது.

"தேர் கிளம்பிவிட்டது. வாருங்கள், பார்த்துவிட்டு வரலாம்."

ஐயாறருக்கு ஒரே மகள், சிவக்கொழுந்து. ஆறு வயது. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்த வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அவளும் தேர் பார்க்க வந்தாள்.

தெற்கு வீதியில் எள் விழ இடமில்லை. தேர் ஆடி அசைந்து முனை திரும்பியது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஐயாறர் மட்டும் தேரைப் பார்க்கவில்லை. தேரை எதற்கு ஒப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மலை நடந்து வருவது போல என்று எடுத்தார். பழசு. கப்பல் மிதந்து வருவது போல. அதுவும் பழசு. கடைசியில் புதிதாக ஒன்று அகப்பட்டது. அவருக்கே மெய் சிலிர்த்தது.

குனிந்து பார்த்தார். மகளைக் காணோம்.

"கொழுந்து!"

கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஒரு பக்கம் தேர்ச் சக்கரம். மறு பக்கம் ஆற்றுப் படித்துறை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் கூட்டம் கலையும், நாலா திசைக்கும் வண்டிகள் கிளம்பும். அதற்குள் கிடைத்தால் உண்டு.

தில்லையழகி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதி முனை மண்டபத்துக்கு ஓடினாள்.

அந்த ஊர்த் திருவிழாவில் பிள்ளை தொலைந்தால் அங்கேதான் ஓட வேண்டும். முரசுக்காரர் மாசாத்தன் மண்டபத்தில் ஏறி நின்று முழக்கி அடையாளம் சொல்வார். அதை அடுத்த முனையில் நிற்கும் முரசுக்காரர் வாங்கிச் சொல்வார். அவரிடமிருந்து அதற்கடுத்தவர். இப்படி நாலு வீதிக்கும் செய்தி போய்விடும்.

"பதறாதீங்க ஐயா. புள்ளைக்கு அடையாளம் சொல்லுங்க."

ஐயாறர் வாயைத் திறந்தார். பாவம், பழக்கம் விடுமா?

"மதி போன்ற முகம். மான் போன்ற விழி. முல்லை அரும்பு போன்ற பல். அன்ன நடை."

"அன்ன நடைன்னா எப்படிங்க? காலை இழுத்து நடக்குமா?"

"அழகான நடை ஐயா! சீக்கிரம் சொல்லும்!"

மாசாத்தன் முழக்கினார். இரண்டாம் முனைக்குப் போகும்போது மான் காணாமல் போயிருந்தது. மூன்றாம் முனையில் முல்லை உதிர்ந்தது. நாலாவது முனையில் இருந்தவர், "அழகான பொம்பளப் புள்ளையாம்!" என்று அடித்து முடித்துவிட்டார்.

வந்தார்கள் பாருங்கள், ஊரில் உள்ள அழகான பிள்ளைகளெல்லாம்! ஒரு கிழவர் ஒன்றைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வாலிபர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தலைவிரிகோலமாகப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"எம் புள்ளைய எதுக்குய்யா தூக்கிட்டு வந்தே?"

"மதி போல மொகம்னாங்களே தாயி."

"ஆமா, எம் புள்ளைக்கு மதி போலத்தான் மொகம். அதுக்குத் தூக்கிட்டு வந்துருவியா?"

திட்டிக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பெருமையும் தாங்கவில்லை.

சிவக்கொழுந்து அதில் இல்லை. தேர் மேற்கு வீதியைத் தாண்டிவிட்டது என்றார்கள். ஐயாறர் மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

தில்லையழகி அவர் எதிரில் குந்தினாள்.

"ஐயாறரே, பயம் வந்தால் அவள் என்ன செய்வாள்?"

"அழ மாட்டாம்மா." அவருடைய செந்தமிழ் எங்கோ போய்விட்டது. "பயந்தா அவ அழவே மாட்டா. ஓடவும் மாட்டா. ரெண்டு காதையும் ரெண்டு கையால பிடிச்சுக்குவா. தளும்பத் தளும்பத் தண்ணி இருக்கிற பானையப் பிடிச்சுக்கிற மாதிரி, தன் தலையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பா. அசைஞ்சா சிந்திரும்ங்கிற மாதிரி நிப்பா, எம் புள்ள."

மாசாத்தன் முரசுக் கோலைக் கீழே வைத்தார். முரசு வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, கேட்டபடியே சொன்னார்.

"காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற புள்ள! தளும்பத் தளும்பத் தண்ணி இருக்கிற பானையப் பிடிச்ச மாதிரி, தலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்! அசைஞ்சா சிந்திரும்ங்கிற மாதிரி நிக்கும்!"

இரண்டாம் முனை அதை வாங்கிச் சொன்னது. மூன்றாம் முனை சொன்னது. நாலாம் முனைக்காரர், எதையும் சுருக்கிவிடுகிற அந்த மனிதர், ஒரு சொல் விடாமல் சொன்னார். எதை எடுத்துவிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

என்ன சொல்வது அதை! அந்தப் பிள்ளையை ஒருநாளும் பார்த்திராத அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. வடம் பிடித்தவர்கள் தாமாகவே நின்றார்கள். வண்டி பூட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் தங்கள் காலடியைப் பார்த்து மெல்ல ஒதுங்கினார்கள், அவள் மேல் இடித்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் மாதிரி. இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு மெதுவாக நகர்ந்து ஐயாறர் பார்த்ததில்லை.

வடக்கு வீதியில் ஒரு வளையல்காரி தன் கடைக் காலோரம் பார்த்தாள். பார்த்துவிட்டு அலறினாள்.

"அடியாத்தே! இந்தா நிக்குதே! தலைவலியாக்கும்னுல்ல நெனச்சேன்!"

கூட்டம் கையோடு கை மாற்றி அவளைக் கொண்டுவந்தது. எல்லாரும் அலுங்காமல் வாங்கி அலுங்காமல் கொடுத்தார்கள். மண்டபத்துக்கு வந்து சேரும்வரை சிவக்கொழுந்து காதை விடவில்லை.

அப்பாவைப் பார்த்ததும் விட்டாள். விட்டதும்தான் அழுகை வந்தது. ஐயாறரும் அழுதார். யார் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்ற நினைவெல்லாம் அவருக்கு இல்லை. மகளின் உச்சந்தலையை முகர்ந்துகொண்டே இருந்தார்.

தேர் மறுபடி நகரத் தொடங்கியது. மாசாத்தன் கோலை எடுத்து இடுப்பில் செருகினார்.

"மாசாத்தரே," என்றாள் தில்லையழகி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "பானை என்றீர்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"புள்ளதான் கெடைச்சிருச்சே புலவரம்மா?"

"தெரியும்," என்றாள். "சொல்லுங்கள்."